பாதி ஓடிய எஞ்சின்

அப்பா கடலூர் முதுநகரில் படகு மெக்கானிக். அவர் வாயில் எஞ்சின் என்ற சொல் வராது, எதுவானாலும் மிஷின்தான். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமானம் ஓட்டப் பழகிய நாட்களில் தினமும் ராத்திரி போன் வரும். "மிஷின் எப்பிடிடா இருக்கு?" என்பது முதல் கேள்வி. சாப்பிட்டியா என்பது இரண்டாவது. அன்றைக்கு மட்டும் நான் முந்திக்கொண்டு சாயங்காலமே கூப்பிட்டேன்.

"மேல போகும்போது மிஷின் நின்னுடுச்சுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "தானா நின்னுச்சா, நீ நிறுத்துனியா?"

நாற்பது வருடம் டீசல் புகையில் நின்ற ஆளுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். உண்மையில் அது தானாக நிற்கவில்லை. பாதி ஓடிக்கொண்டிருந்தது. மீதியை நான்தான் நிறுத்தினேன். அந்த மீதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பங்குனி வெயில், பிற்பகல் மூன்றரை மணி. விமானம் செஸ்னா 152. இரண்டு இருக்கை, 110 குதிரைத்திறன், மூக்கில் ஒரே ஒரு எஞ்சின். நான் தனியாக. லாக் புக்கில் 70 மணி நேரத்தைத் தாண்டியிருந்தேன். எல்லாம் தெரிந்துவிட்டது போல இருக்கும் கட்டம் அது. ஸ்கூட்டர் பழகிய மூன்றாவது மாதம் மாதிரி. புதுச்சேரியில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று ஏறிவிடும், அதனால் கிழக்கே பார்த்துக் கிளம்பும் ஓடுபாதை முனை, எண் 07. கடலோரமாகத் தெற்கே போய்க் கடலூர் துறைமுகம், பரங்கிப்பேட்டை வரை பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். அப்பாவின் பட்டறைக்கு மேலே ஒரு சுற்று என்பது திட்டத்தில் எழுதாதது.

ஓடுபாதை முனையில் நின்று வழக்கமான வாசகத்தைச் சொன்னேன். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சார் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் அதை வாய்விட்டுச் சொல்ல வைப்பார். "எனக்குக் கேக்கணும் தம்பி" என்பார். தனியாகப் பறக்கும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. "தரையில் கோளாறு என்றால் த்ராட்டிலை மூடி பிரேக். மேலே போன பின் எஞ்சின் நின்றால் மூக்கைக் கீழே, 60 நாட், நேராக இறங்கு. 1,000 அடிக்குக் கீழே திரும்பாதே." த்ராட்டில் என்பது எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி, உள்ளே தள்ளினால் கூடும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தில் நின்று 'இந்தியா எனது நாடு' உறுதிமொழி சொல்வோமே, அதே ராகத்தில் சொன்னேன். வாய் சொன்னது, மனசு பரங்கிப்பேட்டையில் இருந்தது.

முழு த்ராட்டில். எஞ்சின் சுற்று வேகம் நிமிடத்துக்கு 2,300. சரியாகத்தான் இருந்தது. ஆள் ஒருவர்தான் என்பதால் சட்டென்று தரையை விட்டது. 67 நாட்டில் ஏற வைத்தேன். உயரம் காட்டும் அல்டிமீட்டர் 300 அடியைத் தொட்ட சமயம் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது.

மிஸ்ஸிங் என்ற மெக்கானிக் ஷெட் வார்த்தையை விடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. மொத்த விமானமும் நொண்டியது. டாஷ்போர்டில் எண்களைப் படிக்க முடியாத அளவுக்கு உதறல். ஊசி 1,900க்கும் 2,000க்கும் நடுவே ஆடியது. நின்றிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரியும். தினமும் சொன்ன வாசகம் இருக்கிறது. ஆனால் அது நிற்கவில்லை.

அடுத்த 5 விநாடியில் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். முதலில் கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டரில் பனி பிடிக்காமல் சூடு கொடுக்கும் பிடியை, இழுத்தேன். உதறல் கூடியது, திரும்ப உள்ளே தள்ளினேன். எரிபொருள் கலவையின் அளவை மாற்றும் மிக்ஸ்சர் பிடி முழுக்க உள்ளே இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். ஏற்கெனவே முழுக்க உள்ளே இருந்த த்ராட்டிலை இன்னும் உள்ளே தள்ளினேன். பேருந்து பிரேக் போடும்போது பின் சீட்டில் இருப்பவர் காலை அமுக்குவது போல. இத்தனைக்கும் நடுவே மூக்கு இன்னமும் ஏறும் கோணத்திலேயே இருந்தது. 67 நாட், 50 ஆகிவிட்டது. இதில் மோசமானது இன்னொன்று. ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வந்து இறங்கிவிடலாம் என்று நினைத்ததுகூட எனக்கு நினைவில்லை. கை மட்டும் இடது இறக்கையை லேசாகச் சாய்த்துவிட்டிருந்தது. ஓடுபாதை பின்னால் இருக்கிறது, வீடு பின்னால் இருக்கிறது, உடம்பு அந்தப் பக்கம்தான் போகும். யாரையும் கேட்காது.

அப்போது இடது இறக்கையில் உள்ள ஸ்டால் ஊதல் முனகியது. செஸ்னா 152இல் அது மின்சார மணி அல்ல, காற்று உறிஞ்சும்போது ஊதும் ஒரு சின்ன ரீட், நாதஸ்வரச் சீவாளி மாதிரி. இறக்கை காற்றைப் பிடிக்க முடியாத வேகத்துக்கு, அதாவது ஸ்டால் வேகத்துக்கு, ஐந்து பத்து நாட் முன்னதாகவே முனகத் தொடங்கிவிடும். அந்த முனகல்தான் என்னை எழுப்பியது. இறக்கையை நேராக்கி மூக்கை அமுக்கினேன்.

மூக்கு இறங்கியதும் அது மறைத்துக்கொண்டிருந்தது எல்லாம் கண்ணாடியில் வந்தது. முன்னால் ஓடுபாதை இன்னும் இருந்தது! ஏறும் கோணத்தில் எஞ்சின் மூடிக்கு மேலே வானம்தான் தெரியும். கீழே எவ்வளவு ஓடுபாதை மிச்சம் என்று தெரியவே தெரியாது. சுமார் 1,500 மீட்டர் ஓடுபாதையில் நான் பாதிக்கு மேல் கடந்திருந்தேன். மிச்சம் இருந்தது போதுமா போதாதா என்ற கணக்கு எனக்கு வரவில்லை. வலது கை த்ராட்டிலை முழுக்க வெளியே இழுத்தது. நொண்டிக்கொண்டிருந்த எஞ்சின் அடங்கியது. உதறலும் போய்விட்டது. அந்த நிசப்தத்தை இன்றைக்கும் கனவில் கேட்கிறேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்குக் கேட்டது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப் என்ற பலகையை இறக்கும் மோட்டாரின் முனகல் மட்டும்தான், ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்ற எரிச்சலோடு.

கடைசி 200 மீட்டரில் சக்கரம் பட்டது. மூன்றும் ஒரே சமயத்தில், தடாலென்று. பிரேக்கில் ஏறி நின்றேன். இடது டயர் இழுபட்டுத் தேய்ந்தது. ஓடுபாதை முடிந்து செம்மண் சரளையில் பதினைந்து மீட்டர் போல ஓடி நின்றது. மிக்ஸ்சரை இழுத்து, தீப்பொறி தரும் மேக்னெட்டோ, மொத்த மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்கினேன். கால் நிற்கவில்லை. மூக்குச் சக்கரத்தின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். டவரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஜீப் வந்தது. எழுதிக் கொடுக்க வேண்டியதை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதக் கதை இங்கே வேண்டாம்.

இனி அந்த நாளுக்குப் பிறகு நான் கற்றதும், மாற்றிக்கொண்டதும்.

முதலில் அந்த 300 அடி. லாஸ்பேட்டை விமான நிலையம் கடல் மட்டத்தில் இல்லை. கடற்கரைச் சாலையில் இருந்து சைக்கிளில் வந்தவருக்குத் தெரியும், அது மேடு. கடல் மட்டத்துக்கு மேல் 130 அடி சொச்சம். கடல் மட்டக் கணக்கில் வைத்த அல்டிமீட்டர் 300 காட்டினால் என் காலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது 170 அடிதான். இத்தனை நாளும் '1,000 அடிக்குக் கீழே திரும்பாதே' என்று ஓதிய நான், அது எந்த 1,000 என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது கிளம்பும் முன் தரையின் உயரத்தைக் கூட்டி, ஊசி நிற்க வேண்டிய எண்ணையே வாயால் சொல்கிறேன். லாஸ்பேட்டையில் அது 1,130. கடலோர ஊர்களில் இந்த வித்தியாசம் சிறியது. மைசூர், பெங்களூர்ப் பக்கம் போய்ப் பறப்பவர்களுக்கு ஆயிரக்கணக்கான அடி.

அடுத்து மூக்கு. எஞ்சின் நின்றால் மூக்கைக் கீழே என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு கீழே என்று யாரும் சொல்வதில்லை. எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது விமானம் மேடு ஏறும் வண்டி மாதிரி. இழுவை போனதும் சில விநாடியில் வேகம் கரைந்துவிடும். திரும்ப அந்த வேகத்தைப் பிடிக்க, சமமாகப் பறக்கும் கோணம் போதாது, அதற்கும் கீழே அமுக்க வேண்டும். கண்ணாடி முழுக்கத் தரை தெரியும் அளவுக்கு. 170 அடியில் தரையைப் பார்த்து அமுக்குவதற்கு உடம்பு சம்மதிக்காது. இதை உயரத்தில் போய்ப் பத்து தடவை செய்து பழகாமல் வராது. சாரிடம் இதைச் சொன்னபோது, "அதனாலதான் உன்னை 3,000 அடிக்குக் கூட்டிட்டுப் போயி அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன். நீ அப்ப ஊசுட்டேரியில நாரை இருக்கான்னு பாத்துட்டிருந்தே" என்றார். அதுவும் உண்மைதான்.

திரும்புவதைப் பற்றி நிறையவே பேச வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் அந்த ஆசை இருக்கிறது. 180 டிகிரி திரும்பினால் போதும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அரை வட்டம் போட்டு முடித்தால் நாம் ஓடுபாதையின் மேல் இல்லை, அதற்குப் பக்கத்தில் இணையாக எங்கோ இருக்கிறோம். ஓடுபாதையை நோக்கி இன்னும் 45 டிகிரி திரும்ப வேண்டும், பிறகு அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பி நேராக்க வேண்டும். இத்தனை திருப்பத்துக்கும் உயரத்தை விற்றுத்தான் ஆக வேண்டும். மெதுவாகச் சாய்த்தால் வட்டம் பெரிதாகும், நேரமும் உயரமும் போகும். சீக்கிரம் திரும்ப 45 டிகிரி சாய்த்தால் ஸ்டால் வேகம் சுமார் 19 சதவீதம் ஏறும். 60 டிகிரி என்றால் 41 சதவீதம். 40 நாட்டில் ஸ்டாலாகும் விமானம் 45 டிகிரி சாய்வில் 48க்கு வந்துவிடும். நான் அன்றைக்கு 50இல் இருந்தேன். இடது கை சாய்க்க ஆரம்பித்திருந்தது. இந்த இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

காற்று இன்னொரு பக்கம். கடற்காற்றை எதிர்த்துக் கிளம்பியவர் திரும்பி வந்தால் அதே காற்று முதுகில். 55 நாட்டில் இறங்கும்போது 10 நாட் எதிர்க்காற்றில் தரை வேகம் 45. அதே காற்று பின்னால் இருந்தால் 65. தரையில் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். இரண்டு மடங்குக்கும் மேல் வந்துவிடும். அதோடு கண்ணையும் ஏமாற்றும். தரை வேகமாக ஓடுவதைப் பார்த்து வேகம் நிறைய இருக்கிறது என்று மூக்கைத் தூக்கத் தோன்றும். அங்கேதான் ஆட்கள் போகிறார்கள்.

பிறகு சாரோடு உயரே போய் அளந்து பார்த்தேன். 3,000 அடியில் ஒரு கற்பனை ஓடுபாதை, ஏறும் கோணம், த்ராட்டில் மூடல், 4 விநாடி சும்மா இருப்பது (திகைப்புக்கான கழிவு), பிறகு 45 டிகிரி சாய்வில் முழுத் திருப்பம். முதல் தடவை எனக்கு 650 அடி போனது. பழகப் பழக 450 வரை குறைந்தது. எஞ்சின் நிற்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, பக்கத்தில் சார் உட்கார்ந்து, கீழே 3,000 அடி இருக்கும்போது வந்த கணக்கு அது. அதற்குப் பாதி மடங்கு கூட்டிக்கொண்டேன். அந்த எண்ணை இங்கே தரவில்லை. என் விமானம், என் கை, என் எடைக்கு வந்தது உங்களுக்கு உதவாது. போய் அளந்து பாருங்கள். அளக்காதவர்களுக்குத் திருப்பம் என்ற ஒன்றே கிடையாது என்பது என் கட்சி.

படகுக்காரர்களுக்கு இது புதிதல்ல. முதுநகரில் உப்பனாற்று முகத்துவாரத்தைத் தாண்டும்போது மிஷின் நின்றால் பழக்கமில்லாதவன் கரையைப் பார்த்துப் படகைத் திருப்புவான். பக்கவாட்டில் அலை வாங்கிக் கவிழும். பழகியவன் முகத்தை அலைக்கே காட்டிக்கொண்டு நிற்பான். சின்ன வயதில் அப்பா எனக்கு நூறு தடவை சொன்னது. வானத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

நேராக இறங்குவது என்றால் எங்கே? இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பனின் டிவிஎஸ்ஸை வாங்கிக்கொண்டு ஓடுபாதையின் இரண்டு முனைக்கும் வெளியே சுற்றினேன். வானத்தில் இருந்து பச்சையாகத் தெரிவதற்கும் தரையில் நின்று பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கிழக்கே 07இல் கிளம்பினால் முன்னால் வீடுகள், கிழக்குக் கடற்கரைச் சாலை, கோட்டக்குப்பம், அப்பால் கடல். அந்தக் கரையில் மணலில் இறங்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மணலே இல்லை. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு வடக்கே மணல் வரத்து தடைபட்டு, கரை அரித்துக்கொண்டே போகிறது. பல இடங்களில் மணலுக்குப் பதிலாகக் கொட்டிய பாறைதான். மணல் மிச்சம் இருக்கும் இடத்தில் படகும் வலையும் மனிதர்களும். அப்படியென்றால் அந்தப் பக்கம் நல்ல இடம் கடலேதான்: கரைக்குப் பக்கமாக, படகுகள் கண்ணில் படும் தூரத்தில், கதவை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு. ஏனென்றால் சக்கரம் மடங்காத விமானம் தண்ணீரில் பட்டால் குப்புறக் கவிழ வாய்ப்பு அதிகம். உள்ளே நீர் நிரம்பினால் கதவு திறப்பது கஷ்டம்.

ஆனால் கடலுக்கு எட்ட வேண்டுமே. எஞ்சின் நின்ற செஸ்னா 152 ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் ஒன்றரை கடல் மைல் மிதக்கும். காற்று இல்லாதபோது, சரியான 60 நாட்டில், புரொப்பெல்லர் சும்மா சுற்றும்போது வரும் கணக்கு அது. கடற்காற்று எதிரே அடித்தால் குறையும். ஓடுபாதை முனையில் 500 அடியில் நின்றுபோனால் கடல் எட்டாது, ஓடுபாதை பின்னால் போய்விட்டது, கீழே வீடுகள். 07இல் எனக்குப் பயமான துண்டு அதுதான். அதற்கு வழியாக ஏறிய உடனே வடக்கே ஆரோவில் பக்கத்து முந்திரித் தோப்பும் செம்மண் வெளியும் எட்டும் தூரத்தில் இருக்கும்படி மூக்கை வைத்துக்கொள்ள முடியுமா என்று சாரிடமும் டவரிலும் பேசிப் பார்த்தேன். சில நாள் முடிந்தது, சில நாள் இல்லை. முந்திரி மரம் மெத்தை இல்லைதான். ஆனால் இரண்டு மரத்துக்கு நடுவே உடலைச் செலுத்தி இறக்கைகளைப் பலி கொடுக்கலாம். வேகம் குறைவாக, இறக்கை சமமாக, சக்கரம் முதலில் படும்படி இறங்கினால் ஆள் பெரும்பாலும் பிழைப்பார்.

அதே ஓடுபாதையின் மறுமுனையில் இருந்து மேற்கே, 25இல் கிளம்பினால் திண்டிவனம் சாலை, இடப்பக்கம் ஜிப்மர், அதைத் தாண்டினால் வயலும் ஊசுட்டேரியும். வயலில் நெல் நிற்கிறதா, அறுத்துவிட்டார்களா, தண்ணீர் பாய்ச்சியிருக்கிறதா என்று மாதத்துக்கு மாதம் மாறும். மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பம் தெரியும். கம்பத்தைப் பார்த்தால் கம்பி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

உயரம் இருந்தால் இறங்கும் முன் எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர், மேக்னெட்டோ, கடைசியாக மாஸ்டர். கடைசியாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். செஸ்னாவின் ஃப்ளாப் மின்சாரத்தில் இறங்குவது; மாஸ்டரை முதலில் அணைத்தால் ஃப்ளாப் வராது. 170 அடியில் இதற்கெல்லாம் நேரமில்லை. விமானத்தை ஓட்டினால் போதும்.

இப்போது அந்தப் பாதி எஞ்சினுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2000 முதல் 2010 வரை ஒற்றை எஞ்சின் விமானங்களில் கிளம்பிய உடனே நடந்தவற்றைத் தொகுத்தது. எஞ்சின் முழுக்க நின்றவை 75. அவற்றில் உயிர்ப்பலி நேர்ந்த விபத்து ஒன்றுகூட இல்லை. எஞ்சின் நிற்காமல் சக்தியில் ஒரு பகுதியை மட்டும் இழந்தவை 242. அவற்றில் 9இல் உயிர் போனது. இதை முதலில் படித்தபோது தலைகீழாக அச்சிட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். கொஞ்சமாவது ஓடும் எஞ்சின் நல்லதுதானே? இல்லை. செத்த எஞ்சின் ஆசை காட்டாது. பாதி ஓடும் எஞ்சின், இன்னும் கொஞ்சம் வா, திரும்பு, சுற்று, வீட்டுக்குப் போகலாம் என்று கூட்டிக்கொண்டே போகும். பிறகு நூறு வீட்டின் கூரைக்கு மேலே, சாய்ந்த இறக்கையோடு, வேகமில்லாமல் விட்டுவிடும்.

என் வாசகத்தில் எஞ்சின் 'நின்றால்' என்று மட்டும்தான் இருந்தது. 'பாதி ஓடினால்' என்று ஒரு வரி இல்லை. அதனால்தான் அந்த 5 விநாடி போனது. விநாடிக்குச் சுமார் 30 மீட்டர். 150 மீட்டர் ஓடுபாதையை யோசனையில் கரைத்தேன். அந்த 150 மீட்டர் இருந்திருந்தால் சரளையில் போயிருக்க வேண்டாம், டயரும் தேய்ந்திருக்காது. இப்போது சொல்லும் வாசகம் கொஞ்சம் நீளம். தரையில் முழு த்ராட்டிலில் 2,280 வராவிட்டால் கிளம்புவதில்லை. முன்னால் ஓடுபாதை தெரியும் வரை, எந்த உதறலானாலும், எவ்வளவு ஓடினாலும், த்ராட்டிலை மூடி இறக்கு. ஓடுபாதை தீர்ந்த பிறகு பாதி ஓடினால் முதலில் மூக்கு, 60 நாட். அந்த வேகத்தில் உயரம் நிற்கிறதா பார். நின்றால் இறக்கையைச் சமமாக வைத்து, மோசமானது எந்த நிமிடமும் நடக்கும் என்று வைத்துக்கொண்டு, இறங்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மெல்லிய திருப்பத்தில் போ. உயரம் நிற்காவிட்டால் அது செத்த எஞ்சின்தான். அப்படியே நடத்து.

இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போகவில்லை. சீனியர் ஒருவர் கேண்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஓடிட்டிருந்த எஞ்சினை எவனாவது மூடுவானா? 2,000 சுத்துச்சுன்னா ஒரு சுத்து வந்திருக்கலாம்ல." எனக்குப் பதில் தெரியவில்லை. வந்திருக்கலாம். ஆள் ஒருவர், எடை குறைவு, காற்று ஈரமாகவும் சூடாகவும் இருந்தாலும் உயரம் அப்படியே நின்றிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

பதிலை எஞ்சின் மூடியைக் கழற்றிய அண்ணன் சொன்னார். அவர் அங்கே ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்பு எஞ்சினியர், சொந்த ஊர் பண்ருட்டி. ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு அதன் வழிகாட்டிக் குழாயில் சிக்கித் திறந்தபடியே நின்றுவிட்டது, வால்வை இயக்கும் புஷ்ராடு என்ற கம்பி வளைந்திருந்தது. எரிபொருளில் ஈயம் இருக்கும் எஞ்சின்களில் ஈயமும் கரியும் வால்வுத் தண்டில் படிந்து, சூட்டில் இறுகும்.

"அண்ணே, மூடாம விட்டிருந்தா எவ்ளோ நேரம் ஓடியிருக்கும்?"

"ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கும். ரெண்டு செகண்டும் ஓடியிருக்கும். அது எங்கிட்ட சொல்லிட்டா நிக்கும்?" என்றார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "காலையில ஸ்டார்ட் பண்ணப்ப எதுவும் காட்டலையா தம்பி?"

காட்டியது. அதுதான் இந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் வெட்கமான இடம். அன்றைக்குக் காலை முதல் ஸ்டார்ட்டில் அரை நிமிடம் போல நொண்டியது. சூடு ஏறியதும் சரியாகிவிட்டது. மேக்னெட்டோ பரிசோதனையில் எல்லாம் கச்சிதம். ராத்திரி நின்ற வண்டி, பனி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். வால்வு சிக்க ஆரம்பிக்கும் எஞ்சின் குளிரில் நொண்டும், சூட்டில் தேறிவிடும். இந்த எஞ்சின்களோடு பழகியவர்கள் இதைக் காலை நோய் என்பார்கள். வாயும் வயிறுமாக இருப்பவர்களுக்குக் காலையில் வரும் மசக்கை மாதிரி, வெயில் ஏறினால் ஒன்றுமே நடக்காதது போல. தேறிவிட்டது என்பதுதான் அறிகுறியே. நானோ அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே வால்வைத் தட்டிப் பார்த்திருப்பார். சொன்னால் பறக்கும் நேரம் போய்விடும், பரங்கிப்பேட்டை போய்விடும் என்று எனக்குள் ஒரு மூலையில் தெரிந்திருந்ததா? தெரிந்திருக்கும்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "காலையில இருமுற மிஷினைக் கடலுக்குக் கொண்டுபோக மாட்டான் எவனும்" என்றார், அவ்வளவுதான். பிறகு சாப்பிட்டியா என்று கேட்டார்.

மூன்று வாரம் கழித்து அதே விமானம், அதே 07, இந்த முறை காலை ஏழு மணி. சிலிண்டர் புதிது, டயர் புதிது. சாவியைத் திருப்பினேன். பிடித்தது. ஓடியது. எட்டோ பத்தோ விநாடி இருக்கும், ஒரே ஒரு துடிப்பு தவறியது போல இருந்தது. என் காதுதானா, எஞ்சினா என்று தெரியவில்லை. அடுத்த துடிப்புகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. பத்து மணிக்கு மேல் காற்று ஏறிவிடும், அதற்குள் போய் வந்தால்தான் உண்டு.

மிக்ஸ்சரை இழுத்தேன். புரொப்பெல்லர் இரண்டு சுற்று சுற்றி நின்றது. ஹேங்கர் வாசலில் அண்ணன் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார்.